புற்றுநோய் மருந்துகளின் கதை – 17: வெளியே இறைக்கும் புரதம்

சென்ற இதழை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்தின் குழந்தைகள் வார்டில் முடித்திருந்தோம். எமில் ஃப்ரைரைக், எமில் ஃப்ரே இருவரும் 1960-களின் தொடக்கத்தில், ரத்தப் புற்று கண்ட குழந்தைகளுக்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். காசநோய் மருத்துவத்தில் இருந்து எடுத்த யோசனை அது. ஒரு மருந்துக்குத் தப்பும் செல் அடுத்த மருந்தில் மாட்டிக்கொள்ளும். ஒரே செல் நான்குக்கும் தப்புவது மிக அரிது. இந்தக் கணக்கால் பிழைத்த குழந்தைகள் ஏராளம். ஆனால் ஒவ்வொரு மருந்துக்கும் எதிர்ப்பு தனித்தனியாகத்தான் வரும் என்ற அனுமானத்தின்மேல்தான் அந்தக் கணக்கு முழுவதும் நின்றது. அதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

சோதித்தவர் ஜூன் பீட்லர், நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் நிலையத்தில் செல்களை வளர்த்துக்கொண்டிருந்த பெண்மணி. அவரும் ஹான்ஸ்யோர்க் ரீமும் சீன வெள்ளெலியின் செல்களை எடுத்து, ஆக்டினோமைசின்-டி என்ற மருந்து கலந்த திரவத்தில் வளர்த்தார்கள். முதலில் மிகச் சிறிய அளவு. பிழைத்த செல்களை மட்டும் பொறுக்கி, மருந்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடியும் பிழைத்தவற்றைப் பொறுக்கி, மறுபடியும் கூட்டி, கடைசியில் சாதாரணச் செல்லை அடியோடு அழிக்கும் அளவிலும் நிம்மதியாகப் பெருகும் செல்கள் கிடைத்தன. இதுவரை பல ஆய்வகங்களிலும் நடந்த வேலைதான். பீட்லர் ஒரு படி மேலே போனார். அந்தச் செல்கள் அதற்கு முன் சந்தித்தே இராத மருந்துகளை அவற்றின்மேல் ஊற்றினார். வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின், டானோருபிசின் என்று எதை ஊற்றினாலும் செல்கள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. 1970-ல் இந்த முடிவு வெளிவந்தது.

அன்றைய வேதியியலாளருக்கு இது எவ்வளவு விசித்திரமாகப் பட்டிருக்கும் என்பதற்கு ஒரு விளக்கம் தேவை. ஆக்டினோமைசின் மண்ணில் வாழும் நுண்ணுயிரியிலிருந்து வருவது. டிஎன்ஏ-வில் போய்ச் செருகிக்கொள்வது. வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் நித்தியகல்யாணிச் செடியின் சரக்கு. திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கம் இன்றும் பயிராகும் அதே செடிதான். அவை டிஎன்ஏ-வைத் தொடுவதில்லை. செல் பிரியும்போது குரோமோசோம்களை இழுத்துச் செல்லும் நுண்குழல்களைக் குலைக்கின்றன. உருவத்திலும் வேலையிலும் இந்த மருந்துகளுக்குள் எந்த உறவும் கிடையாது. ஒன்றுக்குப் பழகிய செல் மற்றவற்றுக்கும் அசையாமல் நின்றால், மருந்து தாக்கும் இடம் மாறிவிட்டது என்ற வழக்கமான விளக்கம் செல்லாது. அத்தனை இடங்களும் ஒரே சமயத்தில் மாறியிருக்க முடியாது. கதிரியக்கக் குறியிட்ட ஆக்டினோமைசினைக் கொடுத்துப் பார்த்தபோது, எதிர்ப்புச் செல்களுக்குள் மருந்து குறைவாகவே சேர்ந்திருந்தது. கோளாறு வாசலில்தான் என்று தெரிந்தது. ஆனால் வாசலில் என்ன நடக்கிறது? மருந்து நுழையவில்லையா, நுழைந்தபின் வெளியேறுகிறதா?

இந்தக் கேள்விக்கு மூன்றே ஆண்டுகளில் சரியான பதில் வந்தது. ஆனாலும் பலர் அதைக் கவனிக்கவில்லை. 1973-ல் கோபன்ஹேகனில் கெல்ட் டானோ என்ற ஆய்வாளர், டானோருபிசினுக்குப் பழகிய எலிப் புற்றுச் செல்களை வைத்து எளிமையான ஒரு சோதனை செய்தார். செல்களின் சக்தி உற்பத்தியை நிறுத்தும் நஞ்சைக் கொடுத்தார். உடனே மருந்து செல்லுக்குள் குவிந்தது. பிறகு குளுக்கோஸ் கொடுத்தார். செல்லுக்கு மீண்டும் சக்தி கிடைத்ததும் குவிந்த மருந்து வெளியே போயிற்று. அப்படியானால் வாசல் திறந்துதான் இருக்கிறது. ஓட்டைத் தோணிக்குள் நீர் கசிவதுபோல மருந்து கசிந்தபடியே இருக்க, உள்ளே யாரோ விடாமல் இறைத்து ஊற்றுகிறார்கள். நித்தியகல்யாணி மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த இறைப்பு தடைபடுவதையும் டானோ பார்த்தார். அதாவது, எதிர்ப்பை முறிக்கும் சிகிச்சைக்கான யோசனையே அந்தக் கட்டுரையில் இருந்தது.

அடுத்த காட்சி கனடாவின் டொராண்டோ நகரம். விக்டர் லிங் அங்கே சீன வெள்ளெலியின் சூலகச் செல்களைக் கால்ச்சிசினுக்குப் பழக்கியிருந்தார். கால்ச்சிசின் நமக்கு அந்நியமில்லை. நமது மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு அது. கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, விதையை இந்த நஞ்சுக்காகவே விற்கும் விவசாயிகள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். லிங்கின் செல்கள் கால்ச்சிசினோடு மற்றப் பல மருந்துகளையும் தாங்கின. 1976-ல் அவரும் ருடால்ஃப் ஜூலியானோவும் அந்தச் செல்களின் மேற்பரப்பில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். சுமார் 1,70,000 டால்டன் எடையுள்ள, சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டிய பெரிய புரதம். எதிர்ப்பு கூடக்கூட இதன் அளவும் கூடியது. எதிர்ப்பை இழந்த செல்களில் குறைந்தது. மருந்து ஊடுருவுவதை இந்தப் புரதம் தடுக்கிறது என்று கருதி, ஊடுருவலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தைச் சேர்த்து பி-கிளைகோபுரோட்டீன் என்று பெயரிட்டார்கள். டானோவின் இறைக்கும் கருவியும் இதுவும் ஒன்றே என்று துறை ஒப்புக்கொள்ள மேலும் பல ஆண்டுகள் ஆயின.

அதுவரை இது செல் உயிரியலாளர்களின் தனிக் கதை. மருத்துவமனைகள் திரும்பிப் பார்த்தது 1981-ல், டோக்கியோவிலிருந்து வந்த செய்திக்குப் பிறகு. தகாஷி சுருவோவின் குழு, வின்கிரிஸ்டினுக்குப் பணியாத ரத்தப் புற்றைச் சுமந்த எலிகளுக்கு வின்கிரிஸ்டினோடு வெரபமிலையும் கொடுத்தது. வெரபமில் இதய நோயாளிகள் சாப்பிடும் மாத்திரை. மருந்துக் கடையில் கிடைப்பது. செல்களுக்குள் வின்கிரிஸ்டின் மீண்டும் சேர்ந்தது. எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்தன. வெரபமில் கால்சியம் வழிகளை அடைப்பது தெரிந்த விஷயம் என்பதால், முதலில் கால்சியத்தின்மேல் சந்தேகம் விழுந்தது. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. வெரபமில் நேராக அந்தப் புரதத்திலேயே போய் உட்கார்ந்து, வின்கிரிஸ்டினின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. இறைக்கும் புரதம் வெரபமிலோடு மல்லுக்கட்டும் நேரத்தில் வின்கிரிஸ்டின் உள்ளே தங்கிவிடுகிறது.

1986-ல் மரபணு கையில் கிடைத்தது. ஃபிலிப் குரோவும் டேவிட் ஹவுஸ்மேனும் எலியின் மரபணுவையும், இகோர் ரோனின்சன், மைக்கேல் காட்டெஸ்மேன், ஐரா பாஸ்டன் ஆகியோரின் குழுக்கள் மனித மரபணுவையும் படித்துவிட்டன. 1280 அமினோ அமிலங்கள். சவ்வை 12 முறை ஊடுருவிச் செல்லும் சங்கிலி. ஏடிபி என்ற எரிபொருளைப் பிடித்து எரிக்க இரண்டு இடங்கள். அமைப்பைப் பார்த்ததும் பழைய சொந்தம் ஒன்று தெரிந்தது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா தன் நஞ்சை வெளியே தள்ளப் பயன்படுத்தும் புரதமும் ஏறக்குறைய இதே அச்சு. புற்றுநோய் செய்த புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்தது, உயிர்கள் மிகப் பழங்காலத்திலிருந்தே வைத்திருக்கும் ஆயுதம். தாங்கப்பட்ட மருந்துகள் பெரும்பாலும் செடியும் மண் நுண்ணுயிரும் தந்த இயற்கை நஞ்சுகளாக இருந்ததற்கும், மெத்தோட்ரெக்சேட், 5-ஃப்ளூரோயுராசில் போன்றவை இதில் சிக்காததற்கும் காரணம் ஓரளவு விளங்கியது. தின்னும் உணவில் வரும் இயற்கை நஞ்சுகளை வெளியேற்றுவதற்கென்று உருவான புரதத்துக்கு, மனிதன் அவற்றையே மருந்தாக்கி ஊசியில் ஏற்றுகிறான் என்பது தெரியவா போகிறது?

இந்தியாவிலிருந்து சென்ற சுரேஷ் அம்புத்கர் உள்ளிட்டோர் 1992-ல் இந்தப் புரதத்தைச் சவ்விலிருந்து பிரித்தெடுத்து, மருந்து சேரும்போது அது ஏடிபி-யைக் கூடுதலாக எரிப்பதைக் காட்டினார்கள். அத்தோடு இறைக்கிறதா, தடுக்கிறதா என்ற பழைய வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

ஆனால் மருத்துவர்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. வெரபமில் கையில் இருந்தது. மருந்து கேட்காமல் போன நோயாளிகளும் எதிரில் இருந்தார்கள். அரிசோனாவில் வில்லியம் டால்டன், கீமோ பலிக்காமல் போன மயலோமா, லிம்போமா நோயாளிகள் எட்டுப் பேருக்கு வெரபமிலைச் சேர்த்துக் கொடுத்தார். மூவருக்கு நோய் தணிந்தது. 1989-ல் வந்த இந்தச் சிறு அறிக்கை பெரிய நம்பிக்கையைக் கிளப்பியது. அந்த நம்பிக்கையின் விலையும் சீக்கிரமே தெரிந்தது. ஆய்வகத் தட்டில் புரதத்தை அடைக்கத் தேவைப்பட்ட செறிவு, மனித ரத்தத்தில் தாங்கக்கூடியதைவிடப் பல மடங்கு. அதை எட்ட முயன்றால் ரத்த அழுத்தம் சரிந்தது. இதயத் துடிப்பு தடுமாறியது. மயலோமா நோயாளிகளை இரண்டாகப் பிரித்து முறையாக ஒப்பிட்ட பெரிய ஆய்வின் முடிவு 1995-ல் வந்தது. வெரபமிலால் பயன் ஏதுமில்லை.

பிழை வெரபமிலில்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அரைகுறைத் தடுப்பானை வைத்துக்கொண்டு யோசனையையே குறைசொல்லக் கூடாது என்பது நியாயமான வாதமும்கூட. சாண்டோஸ் நிறுவனம் சைக்ளோஸ்போரினை உருமாற்றி, நோயெதிர்ப்பைக் குலைக்காத, புரதத்தை மட்டும் பலமாக அடைக்கும் ஒன்றைச் செய்தது. ஆய்வக எண் பிஎஸ்சி-833; பிறகு வால்ஸ்போடார். இரண்டாம் தலைமுறைத் தடுப்பான்களில் அதிகம் எதிர்பார்க்கப்பட்டது இதுதான்.

வால்ஸ்போடார் புரதத்தை அடைத்தது உண்மை. கூடவே கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் சைட்டோக்ரோம் நொதியையும் அடைத்தது. இதனால் கீமோ மருந்து ரத்தத்தில் தேங்கியது. நச்சு விளைவு ஏறியது. எனவே கீமோவின் அளவைக் குறைக்க வேண்டியதாயிற்று. சூலகப் புற்று கண்ட 762 பெண்களிடம் நடந்த ஆய்வைப் பாருங்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்குச் சதுர மீட்டருக்கு 175 மில்லிகிராம் பாக்லிடாக்சல். வால்ஸ்போடாரும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 80. எதிர்ப்பே இல்லாத புற்று உடைய பெண்ணுக்கு இது லாபமா, நஷ்டமா? மருந்து சிதையும் வேகம் ஆளுக்கு ஆள் மாறும் நிலையில், பாதிக்கும் குறைவான அளவு சிலருக்குக் குறைவாகவும் சிலருக்கு அதிகமாகவும் போயிருக்கும். 2008-ல் வெளியான முடிவில் எந்த நன்மையும் தெரியவில்லை.

ரத்தப் புற்றில் நிலைமை இன்னும் மோசம். 60 வயதைத் தாண்டிய கடும் ரத்தப் புற்று நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனை, 120 பேர் சேர்ந்த நிலையிலேயே மூடப்பட்டது. வால்ஸ்போடார் பெற்ற பக்கத்தில் தொடக்கத்திலேயே மரணங்கள் அதிகமாக விழுந்தன. கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அந்த அறிக்கையின் உள்ளே கிடக்கிறது. யாருடைய புற்றுச் செல்கள் மருந்தை உண்மையிலேயே இறைத்தனவோ, அவர்களில் பிழைத்து நோய் தணிந்தவர்களுக்கு வால்ஸ்போடார் நோய் திரும்புவதைத் தள்ளிப்போட்டதாகத் தோன்றியது. எண்ணிக்கை சிறிது, உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த ஆய்வை எப்படி அமைக்க வேண்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான குறிப்பு வேறென்ன வேண்டும்? முதலில் நோயாளியின் செல் இறைக்கிறதா என்று பார், பிறகு தடுப்பானைக் கொடு. பெரும்பாலான பரிசோதனைகள் இதைச் செய்யவில்லை. இறைப்பு இருப்பவர், இல்லாதவர் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்தின. இந்தத் துறையின் பெரிய பிழை இதுதான் என்பது என் கருத்து. நச்சு விளைவுகூட இரண்டாவதுதான்.

எல்லாமே தோல்வி என்று சொல்லிவிடவும் முடியாது. 2001-ல் ஆலன் லிஸ்ட் தலைமையில் வந்த அறிக்கை, 226 கடும் ரத்தப் புற்று நோயாளிகளைப் பற்றியது. பழைய சைக்ளோஸ்போரினையே டானோருபிசினோடு சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டு ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 22 சதவீதம். சேர்க்காதவர்களில் 12 சதவீதம். கணிசமான வித்தியாசம். ஆனால் சைக்ளோஸ்போரின் டானோருபிசினின் ரத்த அளவையும் உயர்த்தியிருந்தது. பலன் புரதத்தை அடைத்ததால் வந்ததா, மருந்து கூடுதலாகச் சேர்ந்ததால் வந்ததா என்ற சர்ச்சை அப்படியே நின்றுவிட்டது.

இதற்கிடையில் ஆம்ஸ்டர்டாமில் ஒரு விபத்து நடந்தது. நெதர்லாந்துப் புற்றுநோய் நிலையத்தில் ஆல்ஃப்ரெட் ஷிங்கலும் பீட் போர்ஸ்டும் இந்தப் புரதத்துக்கான மரபணு நீக்கிய எலிகளை உருவாக்கியிருந்தார்கள். எலிகள் நன்றாகவே இருந்தன, குட்டி போட்டன, குறை எதுவும் கண்ணில் படவில்லை. ஒருநாள் எலிக்கூடத்தில் உண்ணி வந்தது. வழக்கப்படி ஐவர்மெக்டின் தெளித்தார்கள். கொரோனா காலத்தில் நம் வீடுகளில்கூடப் பேச்சு அடிபட்டதே, அதே மருந்து. சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரபணு நீக்கிய எலிகள் ஏறக்குறைய எல்லாமே செத்துப்போயின. ஐவர்மெக்டின் அவற்றின் மூளைக்குள் நிரம்பியிருந்தது. அளந்து பார்த்தபோது, அந்த நஞ்சுக்கு அவை சுமார் 100 மடங்கு அதிகமாகப் பாதிக்கப்படுவது தெரிந்தது. 1994-ல் இது வெளியானது. மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் இதே புரதம் காவல் இருக்கிறது என்று அதற்கு முன்பே காட்டியிருந்தார்கள். அந்தக் காவல் எவ்வளவு முக்கியம் என்பதை எலிகள் செத்துக் காட்டின. கோலி இன நாய்கள் பல ஐவர்மெக்டினைத் தாங்காமல் சாவதற்கும் இதே மரபணுவில் உள்ள குறைதான் காரணம் என்று 2001-ல் தெரியவந்தது.

கல்லீரல், சிறுநீரகம், குடல் ஆகியவற்றிலும் இந்தப் புரதம் இருப்பதை, சுருவோவின் ஆய்வகம் உருவாக்கிய எதிரணுவைக்கொண்டே 1987-ல் பாஸ்டன், காட்டெஸ்மேன் குழு காட்டியிருந்தது. எலும்பு மஜ்ஜையின் தாய்ச் செல்களிலும் அது உண்டு. கூட்டிப் பாருங்கள்: புற்றுச் செல்லின் ஆயுதம் என்று எதை அடைக்கக் கிளம்பினார்களோ, அதுவே குடலும் மூளையும் மஜ்ஜையும் தம்மைக் காத்துக்கொள்ளும் ஆயுதம். ஒன்றை மட்டும் அடைத்து மற்றவற்றை விடும் தடுப்பான் யாரிடமும் இல்லை.

புரதமும் ஒன்றோடு நிற்கவில்லை. 1992-ல் கனடாவின் கிங்ஸ்டனில் சூசன் கோலும் ரோஜர் டீலியும் நுரையீரல் புற்றுச் செல்லில் எம்ஆர்பி-1 என்ற இன்னொரு இறைப்புப் புரதத்தைக் கண்டார்கள். 1998-ல் மார்பகப் புற்றுச் செல்லில் மூன்றாவது கிடைத்தது. மனித உடலில் இந்தக் குடும்பத்துக்கு 48 மரபணுக்கள். ஒன்றை அடைத்தால் மற்றொன்று வேலையை ஏற்கும் வாய்ப்பு எப்போதும் உண்டு.

இருந்தும் மூன்றாம் தலைமுறைத் தடுப்பான்கள் வந்தன. இவை கல்லீரல் நொதியைத் தொடாத, மிகச் சிறிய அளவிலேயே புரதத்தை அடைக்கும் நேர்த்தியான மூலக்கூறுகள். டாரிகுவிடார் நுரையீரல் புற்றில் இரண்டு பெரிய பரிசோதனைகளுக்குப் போய் 2003-ல் நிறுத்தப்பட்டது. பி-கிளைகோபுரோட்டீன் அதிகம் இல்லாத புற்றில் அந்தத் தடுப்பானைச் சோதித்தது ஏன் என்று இன்றும் கேட்கலாம். எலி லில்லியின் சோசுகுவிடார் ரத்தப் புற்றில் இறங்கியது. 60 வயதைத் தாண்டிய 449 பேர். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெற்று ஊசி. 2010-ல் வெளியான முடிவில், சோசுகுவிடார் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.2 மாதம், வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 9.4. அந்தக் கணக்குக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் இந்தத் துறையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டன.

காலம் செய்த வேடிக்கை, சோசுகுவிடார் புரதத்தை எப்படி அடைக்கிறது என்பதே அதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. 2018, 2019-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் காஸ்பர் லோக்கரின் குழு உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தது. பாக்லிடாக்சல் ஒரு மூலக்கூறாக வந்து உட்காரும் குழியில், சோசுகுவிடார் இரண்டு மூலக்கூறுகளாக நெருக்கி அமர்ந்து புரதத்தை அசையவிடாமல் செய்கிறது. முப்பது ஆண்டுகள் மருத்துவர்கள் இருட்டில் தடவிய குழி அது.

அப்படியானால் நோயாளியின் உடலில் இந்த இறைப்புக்கு முக்கியத்துவமே இல்லையா என்றால், இருக்கிறது. 2015-ல் ஆஸ்திரேலியாவில் சூலகப் புற்று மீண்டும் வந்த பெண்களின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, சிலரது புற்றில் இந்த மரபணு வேறொரு மரபணுவின் முடுக்கியோடு ஒட்டிக்கொண்டு, புரதத்தை அள்ளி உற்பத்தி செய்துகொண்டிருந்தது. கீமோவின் நெருக்குதலில் புற்றே தேடிக்கொண்ட வழி. ஆம்ஸ்டர்டாமில் போர்ஸ்டும் ஸ்வென் ரோட்டன்பெர்க்கும் மார்பகப் புற்று எலிகளுக்கு ஓலபரிப் என்ற மருந்தைக் கொடுத்தபோதும், எதிர்ப்பு இந்தப் புரதம் வழியாகவே வந்தது. டாரிகுவிடார் சேர்த்ததும் மருந்து மறுபடி பலித்தது. யாரிடம் இறைப்பு இருக்கிறது என்று இன்று மரபணுவைப் படித்தே சொல்லிவிடலாம். அவர்களை மட்டும் சேர்த்துப் பெரிய பரிசோதனை ஒன்றை நடத்த ஆள்தான் இல்லை.

இந்த ஆராய்ச்சியின் பலன் வேறு துறைக்குப் போனது. இதய நோய்க்கான டிகாக்சினோடு குவினிடினைச் சேர்த்தால் டிகாக்சின் ரத்தத்தில் ஏன் ஏறுகிறது என்ற புதிருக்கு விடை இந்தப் புரதம். வயிற்றுப்போக்குக்கான லோபெரமைடு, அபினி வகையைச் சேர்ந்ததாக இருந்தும் மயக்கம் தராமல் இருப்பதற்குக் காரணமும் மூளை வாசலில் நிற்கும் இதுவே. புதிய மருந்து எதுவானாலும் பி-கிளைகோபுரோட்டீனோடு அது எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிக்கும்படி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இன்று தயாரிப்பாளர்களைக் கேட்கிறது. கீமோ எடுப்பவர்கள் தாம் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதய மாத்திரை ஒன்று கீமோவின் அளவை மாற்றிவிட முடியும் என்பதை மேலே பார்த்தோம்.

புற்றின் எதிர்ப்பை முறிப்பதற்கென்று ஒரு தடுப்பானும் அமெரிக்காவில் இன்றுவரை அனுமதி பெறவில்லை. 2001-ல் அனுமதி பெற்ற இமாட்டினிபை எதிர்த்த ரத்தப் புற்றுச் செல்கள் பலவற்றில் காரணம் இறைப்பு அல்ல, மருந்து தாக்கும் புரதத்திலேயே ஏற்பட்ட ஒற்றை எழுத்து மாற்றம். அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)